கடலடி எச்சமும் கருதல் அளவையும்

குஸ்தாவ் அர்ரேனியஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1952-ஆம் ஆண்டில் வெளியிட்ட, கிழக்குப் பசிபிக் கடலடிப் படிவுகளைப் பற்றிய ஆய்வு இன்றும் படிக்கத்தக்கது. படிக்கத்தக்க நூலின் முடிபெல்லாம் ஏற்கத்தக்கது ஆகிவிடாது. பனியூழிக் காலங்களில் பசிபிக் பெருங்கடலின் நடுக்கோட்டுப் பகுதியில் உயிர்விளைவு மிகுந்திருந்தது என்பது அவ்வாய்வின் தலையாய முடிபு. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அம்முடிபு மறுக்கப்பட்டும், மீண்டும் நிலைநிறுத்தப்பட்டும், திரும்பவும் மறுக்கப்பட்டும் வந்திருக்கின்றது. பொதுமக்களுக்கென எழுதப்படும் கட்டுரைகளிலோ இவ்வழக்கின் சுவடே காண்பதற்கில்லை. கடலடியில் கிடக்கும் ஓடுகளை எண்ணிப் பண்டைக் கடலின் வளத்தை அறிஞர்கள் கண்டறிந்தனர் என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடுகிறது. கண்டது எது, கருதியது எது என்று பிரித்துச் சொல்லாத இவ்வழக்கம் அறிவியலுக்கும் நல்லதன்று. அதனைச் சொல்லும் தமிழுக்கும் நல்லதன்று.

காண்டலுக்கும் கருதலுக்கும் உள்ள வேறுபாடு தமிழுக்குப் புதிதா? மணிமேகலையில், சமயக் கணக்கர் தந்திறங் கேட்ட காதை அளவைகளை வகுக்குமிடத்துக் கருதல் அளவையை மூன்றாகப் பிரிக்கின்றது. அவற்றுள் ஒன்றற்கு எச்சம் என்று பெயர். ஆற்றிலே வெள்ளம் வரக் கண்டவன், மேலே ஆற்றின் தலைப்பில் மழை பெய்திருக்கின்றது என்று துணிவானாயின் அது எச்சம். விளைந்ததைக் கண்டு அதற்குரிய காரணத்தைத் துணிதல் என்க. மண்ணில் புதையுண்ட தொல்லுயிர்களின் மிச்சத்தைக் குறிக்கவும் இக்காலத் தமிழ் அதே சொல்லைத்தான் ஆளுகின்றது. இரண்டு வழக்கும் வெவ்வேறு வழியாக வந்தவை. ஆயினும் கடலடி ஆய்வில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து பொருந்துகின்றன. ஓடாகிய எச்சத்தை வைத்துக்கொண்டுதான் எச்சமாகிய கருதல் நடைபெறுகின்றது. வெள்ளம் வந்தமைக்கு மழையொன்றே காரணமாதல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. மேலே ஏரிக்கரை உடைந்திருக்கலாம். அணையின் மதகு திறக்கப்பட்டிருக்கலாம். அர்ரேனியஸின் வழக்கு முழுவதும் அந்த மதகைப் பற்றியதே.

ஹான்ஸ் பெட்டர்சன் தலைமையில் ‘அல்பட்ராஸ்’ என்னும் கப்பல் 1947 ஜூலையில் சுவீடனின் கோத்தன்பர்க் துறையினின்று புறப்பட்டு, உலகைச் சுற்றி 1948 அக்டோபரில் திரும்பியது. அதற்கு முன்பும் கடலடிச் சேற்றை எடுத்தவர்கள் உண்டு. ஆனால், ‘மீட்டியோர்’ என்னும் ஜெர்மன் கப்பல் 1925 முதல் 1927 வரை அட்லாண்டிக்கில் எடுத்த படிவுருளைகள் ஒரு மீட்டர் நீளத்தை ஒட்டியவையே. வெறுங்குழாயைச் சேற்றில் இறக்கினால், உள்ளே புகும் சேறு உராய்வினால் அடைத்துக்கொள்ளும். பியோர்யெ குல்லன்பர்க் என்பார் குழாயினுள் ஒரு பிஸ்டனை வைத்து அத்தடையை வென்றார். குழாய் கீழிறங்கும்போது பிஸ்டன் சேற்றின் மேல்மட்டத்திலேயே நிற்கும். அதன் உறிஞ்சலினால் சேறு குலையாமல் உள்ளே ஏறும். பத்து மீட்டருக்கும் மேற்பட்ட உருளைகள் அல்பட்ராஸுக்குக் கிடைத்தது இக்கருவியால். நடுக்கோட்டுப் பசிபிக்கில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் அளவே சேறு படிகின்றது. பத்து மீட்டர் என்பது ஐந்து இலட்சம் முதல் பத்து இலட்சம் ஆண்டு வரையிலான வரலாறு.

கப்பல் புறப்பட்டபோது அர்ரேனியஸ் இருபத்தைந்தை எட்டாத இளைஞர். காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு மாறினால் புவியின் வெப்பம் எவ்வளவு மாறும் என்று 1896-இல் கணக்கிட்டவரும், 1903-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவருமான ஸ்வான்தே அர்ரேனியஸின் பேரர் அவர். பாட்டனார் அக்கணக்கைப் போட்டது பனியூழிகளின் காரணத்தைத் தேடி. பேரர் பசிபிக் சேற்றில் எழுப்பிய வினாவும் சுற்றி வந்து அங்கேயே சேர்கின்றது என்பது பின்னர்ப் புலனாகும்.

உருளைகளைப் பிளந்து பார்த்தபோது வெளிர்ந்த அடுக்கும் கருமை தோய்ந்த அடுக்கும் மாறி மாறி வந்தன. வெளிர் அடுக்கில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. கருமை அடுக்கில் அது குறைவு. சுண்ணாம்பு என்றால் கற்சுண்ணாம்பு அன்று. போராமினிபெரா எனப்படும் ஓரணு உயிர்களின் ஓடுகளும், காக்கோலித் எனப்படும் நுண்பாசிச் சில்லுகளுமே அது. முன்னவை பெரும்பாலும் மணற்பருக்கை அளவின. பின்னவை உருப்பெருக்கியிலும் அரிதாகவே தெரிவன. சுண்ணாம்பு மிகுந்த அடுக்குகள் பனியூழிகளுக்குரியவை என்று அர்ரேனியஸ் கொண்டார். பனியூழியில் வாணிகக் காற்று வலுத்தது; வலுத்த காற்று நடுக்கோட்டில் மேல்நீரை இருபுறமும் விலக்கியது; விலகிய இடத்தை நிரப்ப உரச்சத்து மிகுந்த அடிநீர் மேலெழுந்தது; பாசி செழித்தது; பாசியை உண்ணும் உயிர்கள் பெருகின; அவை இறந்து விழ, ஓடுகள் குவிந்தன. இதுவே அவர் தொடுத்த காரணச் சங்கிலி.

சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் நேர்த்தியானது என்பதை மறுத்தல் இயலாது. காற்றும் நீரோட்டமும் உயிரும் சேறும் ஒரே விளக்கத்தில் அடங்கின. சுண்ணாம்பின் விழுக்காடு உயர்வதற்குக் களிமண் குறைந்ததும் காரணமாகலாமே என்னும் ஐயத்தையும் அவர் எண்ணிப் பார்த்தார். நிலத்தினின்று வரும் டைட்டேனியம் என்றும் ஒரே வீதத்தில் படிகின்றது என்று கொண்டு, அதனை அளவுகோலாக்கிப் படிவின் வேகத்தைக் கணக்கிட்டார். வெறும் விழுக்காட்டை நம்பாமல், ஆண்டுக்கு எவ்வளவு விழுந்தது என்று கேட்டது அக்காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். அவ்வினாவை விடுத்து விழுக்காட்டை மட்டும் கொண்டு முடிபு கட்டியவர்கள் அவருக்குப் பின்னும் பலர்.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி தேவையாகின்றது. இத்துறையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் கடலின் ‘உற்பத்தித் திறன்’ என்று எழுதுகின்றனர். அச்சொல் ஆலையை நினைவூட்டுகின்றதே யன்றி வயலை நினைவூட்டவில்லை. பொருள் யாதெனில், ஒரு குறிப்பிட்ட பரப்பில் ஒரு குறிப்பிட்ட காலத்தில் பாசிகள் கதிரொளியைக் கொண்டு எவ்வளவு கரியை உடலாக்கின என்பதே. விளைவு என்றால் போதும். சொல் எளிதாகும்போது உள்ளிருக்கும் சிக்கலும் வெளிப்படும். வயலில் விளைந்தது வேறு, களத்துக்கு வந்து சேர்ந்தது வேறு, ஆண்டு முடிவில் குதிரின் அடியில் மிஞ்சியது வேறு என்பதை எந்த உழவனும் அறிவான். கடலிலும் அப்படியே. மேல்நீரில் விளைவதில் பெரும்பகுதி மேல்நீரிலேயே உண்ணப்பட்டு அழிகின்றது. ஆழ்கடலின் தரையை எட்டுவது நூற்றில் ஒரு பங்கு என்ற அளவே. அதிலும் புதைந்து நிலைப்பது மிகச் சிறிது. டயாட்டம் எனப்படும் நுண்பாசிகளின் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓட்டிலும், உருவானதில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்றே கடலடியில் புதைகின்றது. சேற்றைப் பார்ப்பவன் குதிரின் அடியைப் பார்க்கின்றான். போராமினிபெரா நிலையோ இன்னும் ஒரு படி தள்ளியது. அவை விளைவிப்பன அல்ல, உண்பன. அவற்றின் ஓட்டை எண்ணுவது பந்தியில் விழுந்த இலைகளை எண்ணி வயலின் விளைச்சலைக் கணக்கிடுவது போலாம். அவற்றுட் சில, தம் உடலில் பாசியை வைத்து வளர்க்கின்றன என்பது உண்மையே. அதனால் கணக்கு எளிதாகிவிடவில்லை.

இனி மதகுக்கு வருவோம். சுண்ணாம்பு ஓடு ஆழ்கடலில் கரையும். இது 1952-இல் தெரியாத செய்தியன்று. 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களை ஆராய்ந்த ‘சாலஞ்சர்’ பயணத்தின் படிவுகளை ஜான் மர்ரேயும் ரெனார்டும் 1891-இல் தொகுத்து வெளியிட்டபோதே, ஆழம் கூடக் கூட ஓடுகள் அருகி மறைவதைக் காட்டியிருந்தனர். அர்ரேனியஸும் கரைவை அறியாதவர் அல்லர். ஏற்றத்தாழ்வுகளுக்குத் தலைமைக் காரணம் கரைவு அன்று, விளைவே என்று கொண்டதுதான் அவர் செய்த தேர்வு. ஆழத்துக்கு ஆழம் கரைவு எவ்வளவு என்று கடலிலேயே அளந்து பார்த்தவர் அன்று எவரும் இலர்.

அவ்வளவை 1960-களில் கிடைத்தது. மெல்வின் பீட்டர்சன் என்பார் சுண்ணாம்புப் படிகத்தாலாகிய உருண்டைகளை எடை பார்த்து, நடுப்பசிபிக்கில் ஒரு நீண்ட கம்பியில் வெவ்வேறு ஆழங்களில் கட்டித் தொங்கவிட்டார். சில மாதங்கள் கழித்து எடுத்து மீண்டும் எடை பார்த்தார். ஏறத்தாழ 3,700 மீட்டர் வரையில் இழப்பு சிறிது. அதன் கீழே சட்டென்று மிகுதி. அதே கம்பியில் வொல்ஃப்காங் பெர்கர், போராமினிபெரா ஓடுகளைத் தொங்கவிட்டார். முடிவுகள் 1966-இலும் 1967-இலும் வெளிவந்தன. எல்லா ஓடும் ஒருங்கே கரைவதில்லை என்பது பெர்கர் தொடர்ந்து நிறுவிய உண்மை. மெல்லிய ஓடுடைய இனங்கள் முதலில் மறையும். குளோபோரோட்டாலியா டுமிடா போன்ற தடித்த ஓடுகள் கடைசிவரை நிற்கும். ஆகவே ஓர் அடுக்கில் தடித்த ஓடுகளும் உடைந்த துண்டுகளுமே மிஞ்சிக் கிடந்தால், அவ்வடுக்கு கரைவினால் அரிக்கப்பட்டது என்று கொள்ளலாம். செல்லரித்த சுவடியில் எஞ்சிய எழுத்துக்களைக் கொண்டே எத்துணை அழிந்தது என்று பதிப்பாசிரியர் மதிப்பிடுவதில்லையா? அத்தகையதே இம்முறை.

அம்முறையால் பார்த்தபோது பசிபிக்கின் கரிய அடுக்குகள் விளைவு குன்றிய காலத்தவை அல்ல, கரைவு மிகுந்த காலத்தவை என்று தெரிந்தது. பெர்கர் 1973-இல் இவற்றைக் கரைவுச் சுழல்கள் என்றே பெயரிட்டு எழுதினார். இதற்குத் துணையாக இன்னொரு முரணும் நின்றது. அட்லாண்டிக் கடலடியில் வரிசை தலைகீழாக உள்ளது: அங்கே பனியூழி அடுக்குகளில்தான் சுண்ணாம்பு குறைவு. பனியூழியில் ஒரு கடலின் ஆழத்தில் ஓடுகள் காப்புற்றன, மற்றொன்றின் ஆழத்தில் அரிப்புண்டன. ஆழ்நீரின் ஓட்டமும் அதில் கரைந்த கரியமில வாயுவின் அளவும் கடலுக்குக் கடல் வெவ்வேறாக மாறின என்றால் இது விளங்கும். பசிபிக்கின் காற்றை மட்டும் கொண்டு அட்லாண்டிக்கை விளக்குதல் அரிது. 1989-இல் ஃபாரெலும் பிரெல்லும் நடுப்பசிபிக்கில் வெவ்வேறு ஆழங்களில் எடுத்த உருளைகளை ஒப்புநோக்கி, எட்டு இலட்சம் ஆண்டுகளில் கரைவெல்லை ஏறி இறங்கியமையைப் படமாக வரைந்தனர். ஒரே காலத்தில் ஒரே மேல்நீரிலிருந்து விழுந்த ஓடுகள் ஆழமற்ற இடத்தில் நிலைத்து, ஆழ்ந்த இடத்தில் அழிந்திருக்குமானால், வேறுபாடு விளைவினால் வந்ததன்று என்பது வெளிப்படை.

இதைவிட நுட்பமான தடையும் ஒன்றுண்டு. விளைவு மிகுந்தால் கடலடிக்கு வரும் உயிர்ப்பொருளும் மிகும்; அது சேற்றுக்குள் மட்கும்போது கரியமில வாயு உண்டாகும்; அவ்வாயு அக்கம்பக்கத்துச் சுண்ணாம்பு ஓட்டைக் கரைக்கும். எமர்சனும் பெண்டரும் 1981-இல் இதனைத் தெளிவாக்கினர். விளைவு மிகுந்ததாலேயே ஓடு குறைந்திருத்தலும் கூடும்! அர்ரேனியஸின் அளவுகோல் குறி மாறி நிற்கும் இடமும் உண்டு என்பது இதனால் தெரிகின்றது.

இத்துடன் வழக்கு முடிந்திருந்தால் இது ஒரு தவறு திருத்தப்பட்ட வரலாறு மட்டுமே. முடியவில்லை. சுண்ணாம்பு நம்பத்தகாத சாட்சி என்றானபின் வேறு சாட்சிகளைத் தேடினர். கிழக்குப் பசிபிக்கில் கடைசிப் பனியூழியின் உச்சத்துக்குரிய அடுக்கில் உயிர்க்கரி மிகுந்திருப்பதை 1983-இல் பெடர்சன் காட்டினார். அடுத்து பேரைட் என்னும் கனிமம் வந்தது. மட்கும் உயிர்ப்பொருளுக்குள் பேரியம் சல்பேட்டு நுண்படிகங்களாக உருவாகின்றது. அஃது எளிதில் கரைவதும் இல்லை. அடினா பேட்டன் குழுவினர் 1996-இல் நடுக்கோட்டுப் பசிபிக்கில் பனியூழிகளின்போது பேரைட் மிகுதியாகப் படிந்தது என்று எழுதினர். அர்ரேனியஸ் சொன்ன காரணம் சரியன்று ஆயினும் முடிபு சரியே போலும் என்னும் எண்ணம் பரவியது. தவறான சான்றினால் சரியான முடிபை எட்டுதல் ஆராய்ச்சியில் அரிதன்று. அதனைப் பாராட்டுவதா, விலக்குவதா என்பது வேறு வினா.

ஆனால் உயிர்க்கரியும் பேரைட்டும் ‘ஆண்டுக்கு எவ்வளவு’ என்னும் கணக்கையே நம்பியிருந்தன. அக்கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. ஓரிடத்தில் கிடக்கும் சேறெல்லாம் நேர்மேலே இருந்து விழுந்ததுதானா? கடலடியிலும் ஓட்டம் உண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் சேறு அடித்துச் செல்லப்படும். இதனைப் பிரித்தறிய மைக்கேல் பேக்கன் 1984-இல் வகுத்துக் காட்டிய வழி மிக அழகியது. கடல்நீரில் யுரேனியம் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாகக் கரைந்துள்ளது. அது சிதைந்து தோரியம்-230 பிறக்கும் வீதம் மாறாதது. பிறந்த தோரியம் நீரில் நில்லாது. விழும் துகளில் ஒட்டிக்கொண்டு உடனே அடியை அடையும். ஆகவே ஓரிடத்தின் ஆழம் தெரிந்தால் அங்கே ஆண்டுக்கு எவ்வளவு தோரியம் விழ வேண்டும் என்பது தெரியும். அதனினும் மிகுதியாகக் கிடந்தால், மிகுதி பக்கத்திலிருந்து வந்தது. மார்க்கன்டோனியோ குழுவினர் 1996-இலும் 2001-இலும் இதனை நடுக்கோட்டுப் பசிபிக்கில் பயன்படுத்தினர். அவர்கள் இன்னொரு சாட்சியையும் அழைத்தனர்: விண்வெளியிலிருந்து ஓயாது பொழியும் நுண்தூசியில் உள்ள ஹீலியம்-3. கடலில் பிறந்த தோரியமும் விண்ணில் வந்த ஹீலியமும் ஒரே கதையைச் சொன்னது வியப்பானது. விரைந்து படிந்ததாகத் தோன்றிய அடுக்குகளில், மேலிருந்து விழுந்தது மிகவில்லை. பக்கத்திலிருந்து அடித்து வரப்பட்டதே மிகுந்தது என்பது அக்கதை.

டைட்டேனியத்தின் தகுதியும் இப்போது தெளிவாகின்றது. நிலத்தூசி என்றும் ஒரே வீதத்தில் விழுந்தது என்பது அர்ரேனியஸின் கொள்கை. பனியூழிகளில் நடுக்கோட்டுப் பசிபிக்கில் தூசி ஏறத்தாழ இரண்டரை மடங்காக மிகுந்தது என்று கிசெலா வின்க்ளர் குழுவினர் 2008-இல் நிறுவினர். மாறாதது என்று கொண்ட கோலே மாறிக்கொண்டிருந்தது. தோரியக் கோலுக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மிட்செல் லைல் முதலியோர் 2005-இல், அத்துணைச் சேறு பக்கத்திலிருந்து வந்திருக்குமானால் வந்த இடத்தில் பள்ளமோ குறைவோ தெரிய வேண்டும், கடலடியின் அமைப்பில் அது தெரியவில்லை என்று வாதிட்டனர். 2007-இல் மறுப்பு வந்தது. இருவர் வாதத்திலும் வலு உண்டு. எனினும் தோரியமும் ஹீலியமும் தம்முள் தொடர்பற்ற இரண்டு மூலங்கள். அவை ஒத்துச் சொல்வதை ஒதுக்கிவிடப் பள்ளம் காணவில்லை என்பது மட்டும் போதாது.

இத்துணை நுட்பமான வழக்கால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஜான் மார்ட்டின் என்னும் அமெரிக்க அறிஞர் 1990-இல் ஓர் இரும்புக் கொள்கையை வெளியிட்டார். சில கடற்பகுதிகளில் மற்ற உரச்சத்து இருந்தும் இரும்பு போதாமையால் பாசி வளரவில்லை. பனியூழியில் தூசியோடு இரும்பு வந்து விழ, பாசி செழித்துக் காற்றிலிருந்த கரியமில வாயுவை இழுத்துக் கடலடிக்குக் கொண்டு சென்றது என்பது அவர் கருத்து. பனியூழியில் அவ்வாயு பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 180 பங்கு, இடையூழியில் 280 பங்கு என்று துருவப் பனியில் சிறைப்பட்ட காற்று காட்டுகின்றது. பாட்டனாராகிய அர்ரேனியஸ் தேடிய விடையின் ஒரு பகுதி இது. மார்ட்டின் 1993-இல் மறைந்தார். அவ்வாண்டிலும் 1995-இலும் அர்ரேனியஸ் ஆராய்ந்த அதே கிழக்குப் பசிபிக்கில் இரும்பைக் கரைத்து ஊற்றிப் பார்த்தனர். 1995-இல் பாசி பெருகிக் கடல் பச்சையாயிற்று. உடனே, கடலுக்கு இரும்பு உரமிட்டுப் புவி வெப்பத்தைத் தணிக்கலாம் என்று வணிக முயற்சிகளும் கிளம்பின. 2008-இல் லண்டன் உடன்படிக்கை நாடுகள், முறையான ஆராய்ச்சிக்கன்றி வேறெதற்கும் கடலுக்கு உரமிடுதல் கூடாது என்று தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் பழைய சேறு சாட்சியாக வருகின்றது. சில வாரத்துச் சோதனையில் நடந்தது பல்லாயிரம் ஆண்டு அளவிலும் நடந்ததா? காசாண்ட்ரா காஸ்டா குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, தோரியக் கோலைக் கொண்டு, நடுக்கோட்டுப் பசிபிக்கில் கடைசிப் பனியூழியின்போது தூசி மிகுந்தும் விளைவு மிகவில்லை என்று முடிவு கட்டியது. அவ்வாண்டிலேயே வின்க்ளர் குழுவினர் ஐந்து இலட்சம் ஆண்டுகளுக்கு அதே முடிபை எட்டினர். காஸ்டா குழுவினர் காட்டும் காரணம் எண்ணத்தக்கது. தென்கடலில் இரும்பு மிகுந்து பாசி செழித்தபோது அங்கேயே உரச்சத்து செலவாயிற்று. அடியோட்டத்தின் வழியே நடுக்கோட்டுக்கு வரவேண்டியது குறைந்தது. தலைமடை வயல் செழித்தால் கடைமடைக்குத் தண்ணீர் குறைவது போல. ஓரிடத்தில் இரும்பைக் கொட்டிக் கணக்குப் பார்ப்பவர் கடைமடையை மறந்துவிடுகின்றனர்.

எடையையும் குவியலையும் விட்டு, இன்ன இனம் இருக்கின்றதா என்று கேட்கும் வேறொரு முறையும் வளர்ந்திருக்கின்றது. அதன் சிறந்த களம் அரபிக்கடல். குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்னும் போராமினிபெரா இயல்பாகக் குளிர்க்கடலுக்கு உரியது. வெப்பக்கடலாகிய அரபிக்கடலில் ஓமான் கரையை ஒட்டி அது பெருகுவதற்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்று அங்கே குளிர்ந்த அடிநீரை மேலெழுப்புவதே. வாரன் பிரெல்லும் கர்ரியும் 1981-இல் இவ்வுறவைக் காட்டினர். கோவாவிலுள்ள தேசியக் கடலாய்வு நிலையத்தாரும் ஹாம்பர்க் அறிஞரும் 1986 முதல் அரபிக்கடலின் நடுவே பொறிகளைத் தொங்கவிட்டு, விழும் துகளைப் பிடித்து அளந்தனர். பருவக்காற்று வீசும் மாதங்களில் துகள் மழை மிகுவது 1989-இல் வெளிவந்த அவர்கள் ஆய்வால் உறுதியாயிற்று. இங்கே காண்டல் முதலில் நடந்து, கருதல் அதன்மேல் எழுந்தது. பசிபிக் வழக்கில் கருதல் முந்திக்கொண்டது. அதனை அளந்து பார்க்கும் வேலை பதினைந்து ஆண்டு பிந்தியது. மாலத்தீவுக்கு அருகே எடுத்த உருளையில் லூக் போஃபோர் குழுவினர் 1997-இல் கையாண்ட சான்று இன்னும் சுவையானது. ஃப்ளோரிஸ்ஃபேரா புரோஃபண்டா என்னும் நுண்பாசி, ஒளி குன்றிய ஆழத்தில் மட்டுமே வாழ்வது. அது பெருகியிருந்தால் மேல்நீரில் விளைவு குன்றியிருந்தது என்று பொருள். எதிர்மறைச் சாட்சி!

ஆயினும் அரபிக்கடல் முறைக்கும் வரம்பு உண்டு. புல்லாய்டஸ் எளிதில் கரையும் ஓட்டினது. ஓமானுக்கு அப்பாலுள்ள ஓவன் மேடு போன்ற, ஆழம் குறைந்த இடங்களிலே எடுத்த படிவுகளுக்கே அதன் சொல் செல்லும். நூற்றில் இத்தனை பங்கு என்று எண்ணுவதால், மற்ற இனங்கள் அருகினாலும் இதன் பங்கு உயர்ந்து காட்டும். எல்லாவற்றினும் மேலாக, அது சொல்வது ஓமான் கரையில் வீசிய காற்றையும் எழுந்த அடிநீரையும் பற்றியது. 2002-இல் ஆண்டர்சன், ஓவர்பெக், குப்தா ஆகியோர் இவ்வினத்தைக் கொண்டு, கடந்த நான்கு நூற்றாண்டுகளில் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து வந்திருக்கின்றது என்று எழுதினர். அவர்கள் எழுதியது காற்று. அதனை எடுத்தெழுதுவோர் இந்தியாவில் மழை மிகுந்து வந்தது என்று மாற்றிவிடுவது எளிது. காற்றும் மழையும் உறவினவே, ஆனால் ஒன்றல்ல. மழைக்கு வேறு சாட்சி வேண்டும். தென் ஓமானிலுள்ள குன்ஃப் குகையின் கல்விழுது அத்தகைய ஒன்று. அதனைக் கொண்டு ஃப்ளைட்மன் குழுவினர் 2003-இல் அங்கே பெய்த மழையின் வரலாற்றை எழுதினர். ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுக்கு முன் பருவக்காற்று வலுத்திருந்து, பின் தளர்ந்தது என்பதில் கடலின் ஓடும் குகையின் கல்லும் பொதுவாக ஒத்துச் செல்கின்றன. தளர்ச்சி படிப்படியாக வந்ததா, இடையிடையே சடுதியாக இறங்கியதா என்பதில்தான் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.